ஒரே மாதிரி வெளிச்சம்

அத்தியாயம் 14

"உங்கம்மாகிட்ட சொல்லு, வெள்ளைச் சட்டையில ஒரு பட்டனைக் காணோம்" என்றார் அவர், செய்தித்தாளைத் தாழ்த்தாமல்.

குட்டி வாயிலிருந்து பிரஷ்ஷை எடுத்தாள். அம்மா அடுப்பருகே நின்றிருந்தாள். அப்பா கையை நீட்டினால் அம்மாவின் தோளைத் தொட்டுவிடலாம். அவ்வளவு சின்ன சமையலறை.

"அம்மா, அப்பா சட்டையில பட்டன் இல்லையாம்."

"நேத்தே தைச்சாச்சு. பீரோவுல தொங்குதுன்னு சொல்லு."

"அப்பா, நேத்தே தைச்சாச்சாம், பீரோவுல தொங்குதாம். எனக்கு இந்த வீட்டுல சம்பளம் உண்டா, இல்ல சாப்பாடு மட்டும்தானா?"

இருவருக்குமே சிரிப்பு வந்தது. ஒருவர் செய்தித்தாளுக்குள் சிரித்துக்கொண்டார். இன்னொருவர் பாத்திரத்துக்குள்.

தொடர்ந்து படிப்பவர்களுக்கு அந்தச் சண்டை நினைவிருக்கும். மற்றவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். அவர் மேடை நடிகர், அவள் அதே அரங்கில் திரைக்குப் பின்னால் வேலை பார்ப்பவள். கொஞ்ச காலமாக அவருக்கு வசனம் மறக்க ஆரம்பித்திருக்கிறது. டாக்டரிடம் போகலாம் என்றாள், மறுத்தார். இந்த நாடகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றாள். "என்னை நோயாளியாப் பார்க்கறதுக்கு ஒரு ஆள் வீட்டுக்குள்ளேயே இருக்குன்னு தெரியாமப் போச்சு" என்றார். குட்டியிடமோ வேறு யாரிடமோ வாய் திறக்கக் கூடாது என்று குட்டி மேலேயே சத்தியம் வாங்கினார். அதுதான் அவர் அவளிடம் கடைசியாகப் பேசியது. கோடையும் போய் மழையும் வந்துவிட்டது.

இப்போது அவர் பேசுவதெல்லாம் குட்டி வழியாக. குட்டி இல்லாதபோது சுவர் வழியாக. "சாவி எங்கேன்னு தெரியல" என்பார் சுவரிடம். அவள் சாவியைக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பாள். சுவருக்கு நன்றி சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை.

குட்டிக்கு அவர்கள் ஏதோ கோபத்தில் இருக்கிறார்கள் என்பது மட்டும் தெரியும். மேடை வெளிச்சம் பற்றிப் படித்துவிட்டு இந்த வருடம்தான் அதே அரங்கில் விளக்குகளைக் கவனிக்கச் சேர்ந்திருக்கிறாள். வந்த நாளிலிருந்து எதையாவது மாற்றிக்கொண்டே இருக்கிறாள்.

"நான் சீக்கிரம் போறேன்மா. நீ துணியெல்லாம் வாங்கிட்டு நேரா வந்துடு" என்றாள், செருப்பை மாட்டிக்கொண்டே. "சித்தப்பா பல்பெல்லாம் வாங்கி வெச்சுட்டார். இன்னிக்கு டார்ச் எல்லாத்தையும் எல்.இ.டி.க்கு மாத்திடறோம்."

அம்மா இஸ்திரிக் கடைக்காரரின் ரசீதைத் தேடிக்கொண்டிருந்தாள். "சரி" என்று சொல்லிவிட்டாள். காதில் விழுந்தது என்ன என்பது தெருமுனை தாண்டிய பிறகுதான் உறைத்தது.

அரங்கில் அவளுக்கு டார்ச் அக்கா என்று பெயர். நாடகம் நடக்கும்போது மேடையின் இரண்டு ஓரங்களிலும் தொங்கும் கறுப்புத் திரைகளுக்குப் பின்னால் ஒரு தனி ஊரே நடமாடும். நாற்காலி தூக்குபவர்கள், உடை மாற்றி விடுபவர்கள், கதவைத் திறந்து மூட ஆட்கள். எல்லோருக்கும் கறுப்பு உடை, கையில் ஒரு டார்ச். டார்ச்சின் கண்ணாடி மேல் நீலத் தாள். நீல வெளிச்சம் தரையில் சின்னதாக விழும், அரங்கில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு எட்டாது. யார் எப்போது எங்கே நிற்க வேண்டும் என்று அவள் சொல்ல வேண்டும். அதை யாரும் பார்த்துவிடக் கூடாது. கண்ணில் படாமல் இருப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

அவளுடைய டார்ச்சுக்கு மட்டும் நீலத் தாள் கிடையாது. அரங்கிலேயே பழைய டார்ச் அது. உள்ளே பழைய பல்பு. ஏற்றினால் கொஞ்சம் தயங்கி, தேன் நிறத்தில் எரியும். அக்காவுக்கு நீலம் பிடிக்காது, பெரிய ஆள், கேட்க முடியுமா என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள்.

விஷயம் வேறு. இடது பக்கத் திரைக்குப் பின்னால் அவள் அந்த டார்ச்சை விரல்களால் மூடிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நீலப் புள்ளிகளுக்கு நடுவே ஒரே ஒரு மஞ்சள். மேடையில் அவருக்கு வசனம் நின்றுபோனால் முகம் மாறாது, குரல் மாறாது. ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு மெல்லத் திரும்பி அந்த மஞ்சளைத் தேடுவார். அவள் டார்ச்சை மோவாய்க்குக் கீழே கொண்டுவந்து, விரல்களை விலக்கி, உதட்டுக்கு மட்டும் வெளிச்சம் காட்டி, அடுத்த வரியின் முதல் சொல்லைச் சத்தமில்லாமல் சொல்வாள். ஒரு சொல் போதும். அதைப் பிடித்துக்கொண்டு அவர் மீதியைக் கடகடவென்று கொண்டுபோய்விடுவார்.

யாரும் இதை ஏற்பாடு செய்யவில்லை. சண்டைக்கு முன்பு ஒருநாள் தற்செயலாக நடந்தது. சண்டைக்குப் பிறகும் நின்றுபோகவில்லை. வீட்டில் அவள் முகத்தைப் பார்க்காதவர் மேடையிலிருந்து பார்த்தார். அவள் சொல்வதைக் காதால் வாங்காதவர் கண்ணால் வாங்கினார். அன்றன்றைக்கு அவர்களிடையே இருந்த பேச்சு அவ்வளவுதான். அதிலும் அவள் பேசுவது யாரோ எழுதிய வசனம்.

அவள் தனக்குத்தானே ஒப்புக்கொள்ளாத ஒன்றும் அதில் இருந்தது. சில நாட்கள் அவர் ஒரு வரியும் மறக்காமல் முழு நாடகத்தையும் நடித்து முடித்துவிடுவார். அன்றைக்கு அவளுக்கு நிம்மதியாக இருக்க வேண்டும். இருந்ததில்லை. அன்று முழுக்க யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்றுதான் தோன்றும்.

*

இஸ்திரி போட்ட உடைகளைத் தோளில் சுமந்துகொண்டு அவள் அரங்குக்குள் நுழைந்தபோது வேலை முடியும் நிலையில் இருந்தது. மேடை நடுவில் ஒரு பழைய போர்வை. அதன்மேல் டார்ச்சுகள் தலை வேறு உடல் வேறாகக் கிடந்தன. குட்டி ஒரு பக்கம், கொழுந்தன் ஒரு பக்கம். கொழுந்தன் அந்த அரங்கின் எலக்ட்ரீஷியன். வாய்க்கு ஓய்வு கொடுத்தே அறியாதவன்.

"அண்ணி, நல்ல நேரத்துல வந்தீங்க. இந்த பல்பு செத்த பல்பு. கடைக்காரன் நம்மளை ஏமாத்திட்டான்" என்று ஒரு டார்ச்சைத் தட்டித் தட்டிக் காட்டினான்.

குட்டி அதை வாங்கி, பின்மூடியைத் திருகி, செல்களை உருவித் தலைகீழாகப் போட்டாள். பளீரென்று எரிந்தது. கொழுந்தன் கண்ணை மூடிக்கொண்டான்.

"பழைய பல்புக்குச் செல்லை எப்படிப் போட்டாலும் எரியும் சித்தப்பா. இதுக்குத் திசை உண்டு. பிளஸ் மைனஸ் பார்த்துப் போடணும்."

"அப்போ இது எங்கண்ணன் மாதிரி. போற பக்கமாப் போனாத்தான் வெளிச்சம், இல்லேன்னா கம்முனு கிடக்கும்."

குட்டி சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன வாரம் படிக்கட்டுல நடந்த மாதிரி இனிமே நடக்காதும்மா" என்றாள் குட்டி. போன வாரம் மேசை தூக்கிக்கொண்டு வந்தவர் கையிலிருந்து டார்ச் நழுவி, உள்ளே கம்பி அறுந்து, இருட்டில் கால் பிசகி விழுந்திருந்தார். "இதுக்குள்ள அறுந்துபோறதுக்குக் கம்பியே கிடையாது. கீழே போட்டாலும் எரியும். வெளிச்சம்தான் ரொம்ப வெள்ளை, அதனால நீலத் தாள் ரெண்டு மடிப்பா வெச்சிருக்கேன். கழுத்துல வெளிச்சம் கசிஞ்சுது, கறுப்பு டேப் சுத்தியாச்சு."

"என்னோடது?"

"உன்னோடதுதான் முதல்ல பண்ணினேன்." குட்டி எழுந்து போய் எடுத்து வந்தாள். முகமெல்லாம் மலர்ச்சி. "எவ்வளவு அழுக்கு தெரியுமா? ஸ்பிரிங்கெல்லாம் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, கண்ணாடியைக் கழுவி, புதுசு பண்ணியிருக்கேன். இத்தனை வருஷமா அந்த மங்கல் வெளிச்சத்துல எப்படித்தாம்மா வேலை பார்த்தே?"

அவள் வாங்கிக்கொண்டாள். பித்தானை அழுத்தினாள். தயக்கமே இல்லை. உள்ளங்கையில் நீலம் விழுந்தது. மற்ற எல்லா டார்ச்சிலும் விழுகிற அதே நீலம்.

"நல்லா இருக்கு" என்றாள். "பழைய பல்பு?"

"குப்பை வண்டியில ஏத்தியாச்சு அண்ணி" என்றான் கொழுந்தன். "ஏன், கண்காட்சி வெக்கப் போறீங்களா?"

உடைகளை மாட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் பின்வாசல் வழியாக வெளியே போனாள். பக்கத்துத் தெரு மின்சாமான் கடையில் கேட்டாள். கடைக்காரர் அவளைப் பரிவோடு பார்த்தார். "அந்த மாடல் வரதே இல்லம்மா. எல்.இ.டி. தரட்டுமா?" அடுத்த கடையில் பரிவும் இல்லை.

திரும்பி வந்து, குட்டியின் பெட்டியிலிருந்து மஞ்சள் தாளில் ஒரு துண்டு வெட்டி, நீலத்தை எடுத்துவிட்டு அதை வைத்தாள். கிட்டத்தட்ட பழைய நிறம்தான். இடது ஓரத்தில் தன் இடத்தில் போய் நின்றுகொண்டாள்.

அரங்க விளக்குகளை அணைத்துவிட்டு டைரக்டர் முன்வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொரு டார்ச்சாகப் பார்த்தார். "சரி. சரி. அடுத்தது. நல்லாருக்கு. அந்த மஞ்சள் யாரு? இங்கேருந்து கண்ணைக் குத்துதே."

புதிய பல்புக்கு மங்கலாக எரியத் தெரியவில்லை. விரல்களுக்கு நடுவிலிருந்தும் பீறிட்டது.

குட்டி ஓடி வந்தாள். "என்னம்மா இது? எல்லாம் ஒரே மாதிரி இருந்தாத்தான் கண்ணுக்குத் தெரியாது. ஒண்ணு வேற மாதிரி இருந்தா அங்கேதான் கண்ணு போகும்."

அதுக்குத்தாண்டி, என்று சொல்ல வாய் வரை வந்தது. குட்டி மேல் செய்த சத்தியம் குட்டியின் உருவத்தில் எதிரே நின்று மஞ்சள் தாளை உரித்துக்கொண்டிருந்தது.

*

ஒரு வழி பாக்கி இருந்தது. எல்லாவற்றிலும் எளிய வழி அதுதான். அவரிடம் போய்ச் சொல்லிவிடுவது.

'இன்னிக்கு மஞ்சள் இருக்காது. எல்லாம் நீலம். நான் எப்பவும் போல இடது பக்கம், முதல் திரைக்குப் பின்னாடிதான் நிப்பேன்.' இவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு வந்துவிடலாம். பதில்கூட வேண்டாம்.

ஒப்பனை அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அவர் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒப்பனைக்காரர் அவர் புருவத்தில் நரை தீட்டிக்கொண்டிருந்தார். இன்றைய நாடகத்தில் அவர் பணி ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். ரயில்வே வீட்டைக் காலி செய்ய மறுக்கிற பிடிவாதக்காரர். அழைத்துப்போக வரும் மகளிடம் கடைசியில் நீளமாக ஒரு பேச்சு. அந்தப் பேச்சில்தான் அடிக்கடி தடுக்கும்.

கண்ணாடியில் அவர் அவளைப் பார்த்தார். கண்ணாடி என்பதால் பார்த்தாரா என்று தெரியவில்லை. கண்கள் அவள் இருந்த திசையில் இருந்தன.

"வாங்கக்கா. எதுவும் வேணுமா?" என்றார் ஒப்பனைக்காரர்.

அவள் அவருடைய பின்கழுத்தைப் பார்த்தாள். முடி வெட்டிக்கொண்டிருக்கிறார். எப்போது? நேற்றா? அவளுக்குத் தெரியாமல் அவர் முடி வெட்டிக்கொண்ட காலம் ஒன்று வந்துவிட்டது. அந்த எண்ணம்தான் அவளைத் தடுத்தது. நான் ஏன் முதலில் பேச வேண்டும்? இத்தனை மாதம் கழித்து முதலில் பேசுபவள் நான் என்றால் அன்றைக்குச் சொன்னதும் தப்பு என்று ஆகிவிடும். அது தப்பில்லை. அவர் பேச்சை நிறுத்தியதுதான் தப்பு. அவர் ஒரு சொல் கேட்கட்டும். 'என்ன' என்று கேட்டால் போதும், எல்லாவற்றையும் சொல்லிவிடலாம்.

அவர் புருவத்தை ஏற்றி நரையைச் சரிபார்த்துக்கொண்டார்.

"காலர்ல பவுடர் விழுது" என்றாள் அவள், ஒப்பனைக்காரரிடம். "துண்டு போட்டுடுங்க. இப்பத்தான் இஸ்திரியிலேருந்து வந்தது."

"அச்சச்சோ, மறந்துட்டேன்க்கா."

அவள் நடைவழியில் திரும்பி நடந்தாள். பாதி தூரம் வந்து நின்றாள். முதல் மணி அடித்தது. மணி அடித்துவிட்டதால் இனிமேல் போக முடியாது என்பது அவளுக்கு வசதியாக இருந்தது.

*

பகல் காட்சி. அரங்கம் முக்கால்வாசி நிறைந்திருந்தது.

முதல் பாதி நன்றாகவே போனது. அவர் தடுமாறவில்லை. ஒருவேளை இன்றைக்குத் தடுமாறவே மாட்டாரோ என்று நினைத்தாள். கையில் டார்ச் ஜில்லென்று இருந்தது. பழையது கொஞ்ச நேரம் எரிந்தால் சூடாகிவிடும், மழை நாட்களில் பிடித்துக்கொள்ள இதமாக இருக்கும். இது எவ்வளவு எரிந்தாலும் உலோகம் உலோகமாகவே இருந்தது.

கடைசிக் காட்சி. மேடையில் ஒரு மேசை, கட்டி வைத்த பெட்டிகள். மகளாக நடிக்கும் பெண் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். "போதும்ப்பா, கிளம்பலாம்" என்றாள்.

அவர் ஜன்னலிலிருந்து திரும்பினார். "கிளம்பறதா? எனக்கு ரயிலை அனுப்பித்தாம்மா பழக்கம். ஏறிப் பழக்கமில்ல." அரங்கில் சிரிப்பு. "உங்கம்மா போன அன்னிக்கும் நான் டூட்டியிலதான் இருந்தேன். கொடியைக் கையில வெச்சுக்கிட்டு…"

நின்றது.

அடுத்த வரி அவளுக்கு மனப்பாடம். மழை விட்டதும்தான் தெரிஞ்சுது, நான் பச்சைக் கொடிக்குப் பதிலாச் சிவப்பைக் காட்டிக்கிட்டு நின்னிருக்கேன்னு. மழை. அந்த ஒரு சொல்.

அவர் மூச்சை இழுத்தார். மெல்ல இடப்பக்கம் திரும்பினார். அவள் டார்ச்சை மோவாய்க்குக் கீழே உயர்த்தி விரல்களை விலக்கினாள். உதடுகளை மூடித் திறந்தாள். மழை. நீலத்தில் அவள் உதடுகள் கறுப்பாகத்தான் தெரிந்திருக்கும்.

அவர் பார்வை அவள்மேல் வந்தது. நிற்காமல் தாண்டிப் போனது.

இடப்பக்கம் முழுக்கத் தேடினார். நாற்காலிக்காரரின் நீலம், உடைக்காரியின் நீலம், கதவருகே ஒரு நீலம். எல்லாவற்றையும் தொட்டுவிட்டு மறுபடி அவளிடம் வந்தார், மறுபடி தாண்டினார். அவருக்கு வேண்டியது அவள் முகமில்லை, அந்த நிறம். நிறம் இல்லாதபோது அவள் இருட்டில் நிற்கும் இன்னொரு ஆள்.

மழை, மழை, என்று உதடு வலிக்கச் சொன்னாள்.

அவர் வலப்பக்கம் திரும்பிவிட்டார். அங்கே கொழுந்தன் டார்ச்சோடு நின்றிருந்தான். அவர் அவனைப் பார்த்தார், ஏதாவது கொடு என்று கேட்பதைப் போல. கொழுந்தன் குழம்பிப்போய்த் தன் டார்ச்சை அணைத்தான்.

"அப்பா?" என்றாள் நடிகை. வசனத்தில் இல்லாத சொல். அவர் வாய் திறந்தது, மூடியது. கையில் இல்லாத கொடியை விரல்கள் சுருட்டிக்கொண்டிருந்தன. அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை. பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுகிறார்கள்.

சத்தமாகச் சொல்லிவிடலாம். வெளியே கேட்டால் கேட்கட்டும். அவள் வாயைத் திறந்தாள். இவ்வளவு காலம் சத்தமில்லாமல் பேசிப் பேசி, அவரிடம் பேசுவதற்கென்று ஒரு குரல் இருந்ததே மறந்துபோனது போலிருந்தது. அதற்குள் மேலே விளக்கறையில் இருந்த குட்டி மேடை வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவிட்டாள். எல்லாம் இருண்டது.

பிறகு கைதட்டல், கூரை அதிர.

*

டைரக்டர் நடைவழியெல்லாம் துள்ளிக்கொண்டு வந்தார். "அந்த மௌனம், அக்கா! எழுதினவனுக்கே தோணாத மௌனம். நாளைக்கும் அப்படியே வெச்சுக்கலாம்னு சொல்லிடுங்க."

"நீங்களே சொல்லுங்க" என்றாள் அவள்.

டார்ச்சுகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது எதிரே நிழல் விழுந்தது. அவர். பாதி ஒப்பனையைத் துடைத்திருந்தார். ஒரு புருவம் நரைத்தும் ஒன்று கறுத்தும் இருந்தது.

"எடுத்துட்டே, இல்ல?" என்றார்.

இத்தனை மாதம் கழித்து அவர் நேரே அவளிடம் பேசிய முதல் சொல். குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது. அந்தக் குரல் தன்னை நோக்கி வருவதை உடம்பு முழுவதும் உணர்ந்தாள். என்ன சொன்னார் என்பது அதற்குப் பிறகுதான் புரிந்தது.

"என்னது?"

"நடிக்காதே. அந்த விளக்கை. அது இல்லாம இவன் எப்படி நிக்கறான்னு பார்க்கலாம்னு எடுத்துட்டே. பார்த்தாச்சா?"

நான் இல்லை, என்று சொல்லத் திரும்பினாள். நடைவழியின் மறுமுனையில் குட்டி ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். காதுக்கெட்டும் தூரம். உன் மகள்தான் மாற்றினாள் என்று சொன்னால், எதை, ஏன், அந்த விளக்கு எதற்கு என்று குட்டி கேட்பாள். சொன்னால் சத்தியம் போகும். சொல்லாவிட்டால் இவர் போவார்.

"ஆமா" என்றாள். "எடுத்துட்டேன்."

அவர் தலையாட்டினார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். முகத்தில் கோபமே இல்லை. "சொல்லிட்டு எடுத்திருக்கலாம்" என்றார், மிகவும் மெதுவாக. பின்வாசலைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

குட்டி ஓட்டமாக வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் சிரிப்பு. "அம்மா. அப்பா உன்கிட்ட பேசினாரு. நான் பார்த்தேன். என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல. கிளம்பலாமான்னு கேட்டாரு."

"அப்பாடா. என் வேலை போச்சு" என்றாள் குட்டி, சந்தோஷமாக.

*

வெளியே இன்னும் வெயில் இருந்தது. பகல் காட்சி முடிந்து வருகிற நாட்களில் அவளுக்கு எப்போதும் கண் கூசும். வாசலிலிருந்து நாலு எட்டில் பஸ் நிறுத்தம். வீட்டுக்குப் போகிற பஸ் அங்கேதான் வரும். அங்கே அவர் இல்லை.

"அதோ" என்றாள் குட்டி.

தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு, ஒரு அவசரமும் இல்லாமல்.

"எதுக்கு அந்தப் பக்கம் நிக்கறாரு? அந்தப் பஸ் நம்ம பழைய வீட்டுக்கில்ல போகும்? நான் ஸ்கூல் படிச்சப்ப இருந்தோமே, அங்கே." குட்டி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "அங்கே நமக்கு யாரைம்மா தெரியும்?"

மேடையில் மட்டும்தான். இத்தனை நாளும் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டு வந்தது அது. வசனம்தான் மறக்கிறது, எத்தனை நாடகம், எத்தனை வசனம், யாருக்குத்தான் மறக்காது.

"ஏதாவது வேலையா இருக்கும். நீ வீட்டுக்குப் போ. நான் போய்ப் பார்த்துட்டு வரேன்."

"நானும் வரேன்."

"போன்னு சொல்றேன் இல்ல?"

குட்டி நின்றுவிட்டாள். அம்மா அந்தக் குரலில் பேசி அவள் கேட்டதில்லை.

அம்மா தெருவைக் கடந்தாள். அவர் திரும்பிப் பார்த்தார். நரைத்த புருவமும் கறுத்த புருவமும் ஒன்றாக உயர்ந்தன. அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை அவள் பார்த்து வெகு காலமாகியிருந்தது.

"எவ்வளவு நேரம்மா? உன்னை விட்டுட்டுப் போயிருக்கணும்" என்றார். "அந்த டைரக்டர் பிடிச்சுக்கிட்டானா? வாயை மூடவே மாட்டானே." கையை நீட்டி அவள் தோளிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். முன்பெல்லாம் அப்படித்தான் செய்வார், கேட்காமலேயே. "கனக்குதே, என்னத்தைத் தூக்கிட்டு வரே? குட்டி ஸ்கூல் விட்டு வந்திருப்பா. படியில உட்கார்ந்திருக்கப் போறா, பாவம். சாவி யார்கிட்ட இருக்கு?"

அவர் பதிலுக்காகக் காத்திருந்தார். அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அக்கறையோடு.

இதைத்தான் கேட்டாள். மாதக் கணக்காக, அடுப்பருகே, சுவரருகே, இருட்டில், இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். வந்துவிட்டது. சண்டை போடாத, சத்தியம் வாங்காத, இன்னும் எதையும் மறக்கத் தொடங்காத ஒருவரிடமிருந்து வந்திருந்தது. அவர் பேசிக்கொண்டிருந்ததும் அவளோடு இல்லை, அந்த வயதில் இருந்த ஒருத்தியோடு. அவளைப் பார்த்து இவளுக்குப் பொறாமையாக இருந்தது.

"குட்டிகிட்ட இருக்கு" என்றாள்.

"அப்பச் சரி. எதையாவது சாப்பிட்டிருப்பா."

பஸ் வந்தது. அவர் முதலில் ஏறி, திரும்பி, கையை நீட்டினார். எதிர்ப்பக்கம் குட்டி பிளாட்பார விளிம்புக்கு வந்து நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம், இறங்குங்கள், நம் வீடு அந்தப் பக்கம், என்று சொல்ல வேண்டிய நேரம் இதுதான். சொன்னால் அந்தக் கை பின்வாங்கிவிடும்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டார். அவர் யோசிக்காமல், தடுமாறாமல், பழைய நிறுத்தத்தின் பெயரைச் சொன்னார். "ரெண்டு" என்றார். ஜன்னலோர இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைய நாடகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இன்றைக்கு நடந்த நாடகமில்லை. எப்போதோ நடந்தது. அவள் "ம்" சொன்னாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

அவள் பை அவர் மடியில் இருந்தது. அதற்குள் போன் அடிக்க ஆரம்பித்தது. குட்டியாகத்தான் இருக்கும். அவர் அதைக் கவனிக்கவில்லை, பேசிக்கொண்டே இருந்தார். அவளும் கையை நீட்டவில்லை.

பஸ் திருப்பத்தில் திரும்பியது. அந்த வீட்டில் இப்போது யார் குடியிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது.